ஊர்வலம் யாருடையது?

செயின்ட் பேட்ரிக் திருநாளுக்கு மறுநாள் அமெரிக்க நகரங்களின் கீழ் நீதிமன்றங்களில் என்னென்ன வழக்குகள் வரும் என்று ஊகிப்பது கடினமல்ல. குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, மதுக்கடை வாசலில் கைகலப்பு, வயது வராதவருக்கு பீர் கொடுத்தது. பெரும்பாலும் அபராதத்தோடு முடியும் வழக்குகள். சட்டத்துக்கு அவற்றால் புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. மார்ச் 17 சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்தது வேறொரு தகராறால்: ஊர்வலத்தில் எந்தப் பதாகையோடு யார் நடக்கலாம் என்பது. 1995 ஜூன் 19 அன்று, பாஸ்டன் ஊர்வலத்தைப் பற்றிய ஹர்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதற்கான பதில். அதை எழுதிய நீதிபதி டேவிட் சூட்டர் 2025 மே மாதம் மறைந்தார். தீர்ப்பை மறுபடி படிக்க அதுவே போதிய காரணம்.

தெற்கு பாஸ்டனில் மார்ச் 17 இரட்டை விழா. ஐரிஷ் புனிதரின் நாள் அது. 1776-இல் பிரிட்டிஷ் படை நகரைவிட்டு வெளியேறிய நாளும் அதுவே. 1947 வரை விழா நகராட்சியின் கையில் இருந்தது. அந்த ஆண்டு மேயர் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி அதை முன்னாள் படைவீரர் சங்கங்களின் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தார். அதன்பின் வழக்கு வரும்வரை ஆண்டுதோறும் அனுமதி கேட்டது அந்தக் கூட்டமைப்புதான்; போட்டிக்கு வேறு யாரும் வந்ததில்லை. 20,000 பேர் வரை நடப்பார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் 10 லட்சத்தைத் தொட்டதுண்டு. 1992 வரை நகராட்சி தன் முத்திரையைப் பயன்படுத்தக் கொடுத்தது, அச்சு வேலையைச் செய்து கொடுத்தது, நேரடியாகப் பணமும் கொடுத்தது. வழக்குக் கட்டைப் புரட்டும் எந்த வழக்கறிஞரும் இந்த மூன்றின் அடியில் கோடு போட்டிருப்பார்.

ஐரிஷ் வம்சாவளியைச் சேர்ந்த ஒருபால் ஈர்ப்பினரும் இருபால் ஈர்ப்பினரும் சேர்ந்த ஒரு குழு 1992-இல் இடம் கேட்டது, மறுக்கப்பட்டது. மாநில நீதிமன்றத்தின் உத்தரவோடு நடந்தார்கள், அசம்பாவிதம் ஏதுமில்லை. 1993-இல் மீண்டும் மறுப்பு, மீண்டும் வழக்கு. விசாரணை நீதிமன்றம் கூட்டமைப்பு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் துருவிப் பார்த்தது. முறை என்று ஒன்றும் இல்லை. விண்ணப்பங்களைக் கட்டுக் கட்டாக ஏற்றிருந்தார்கள். சொல்லாமல் வந்து நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் குறிப்பிட்ட கருத்து எதுவும் வெளிப்படவில்லை. இது எல்லோருக்கும் திறந்த கொண்டாட்டம். எனவே பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் மாநிலச் சட்டம் இதற்கும் பொருந்தும் என்பது தீர்ப்பு. மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் அதை உறுதி செய்தது. அவர்களோடு நடப்பதைவிட நடக்காமலே இருக்கலாம் என்று கூட்டமைப்பு அந்த ஆண்டு ஊர்வலத்தையே ரத்து செய்தது.

வாஷிங்டனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த மாநிலத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச் சேர்வதற்காக யாரும் ஊர்வலம் நடத்துவதில்லை. வழியில் நிற்பவர்களுக்கு எதையோ சொல்லத்தான் நடத்துகிறார்கள் என்றார் சூட்டர். அந்தக் கருத்து ஒரு வரியில் அடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; அப்படி இருந்தால் ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடைக்காது. பல குரல்களைத் தாராளமாக அனுமதித்தவர் ஒரு குரலை மறுக்கும் உரிமையை அதனால் இழந்துவிடுவதில்லை. வேறு அணிகளோடு ஒருபால் ஈர்ப்பினர் நடப்பதைக் கூட்டமைப்பு தடுக்கவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். தகராறு தனிப் பதாகையைப் பற்றியது. ஆளைத் தடுப்பது வேறு, செய்தியைத் தடுப்பது வேறு.

ஊர்வலம் தனியாருடையது என்று ஒப்புக்கொண்டால் இந்த வாதத்தில் ஓட்டை காண்பது கடினம். நமக்கு உறுத்துவது அந்த ஒப்புக்கொள்ளல்தான். நகராட்சியின் பங்கு இருப்பதால் இது அரசின் செயல் என்ற வாதமும் தொடக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. விசாரணை நீதிமன்றம் அதை ஒதுக்கியது. ஆனால் பாகுபாட்டுச் சட்டத்தின் அடிப்படையில் அதே குழுவுக்கு வெற்றியைக் கொடுத்தது. ஜெயித்த கட்சிக்குத் தோற்ற எழுவினாவின் மேல் அக்கறை குறைவது நம் வழக்கறிஞர் தொழிலில் சகஜம். உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனபோது முத்திரையும் அச்சும் பணமும் வெறும் பின்னணித் தகவல்களாகிவிட்டன. அந்த வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோயிருந்தால் வென்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கூட்டமைப்பின் பேச்சுரிமையை மட்டும் தராசில் வைத்து நிறுக்கும் நிலை வந்திருக்காது.

தீர்ப்பில் எனக்குப் பலவீனமாகப் படுவது ஒரு சின்ன இடம். அந்தக் குழு தனக்கென்று ஒரு ஊர்வல அனுமதி கேட்டிருந்தால் நியாயமான வாய்ப்பு இருந்திருக்கும் என்று சூட்டர் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். நியூயார்க்கில் 1995 மார்ச்சில் நடந்தது வேறு கதை. அங்கே ஊர்வலம் ஹைபர்னியன் என்ற ஐரிஷ் கத்தோலிக்கச் சங்கத்துடையது. 1991-இல் மேயர் டேவிட் டிங்கின்ஸ் ஒருபால் ஈர்ப்பினர் குழுவோடு நடந்தபோது கூட்டத்திலிருந்து பீர் பறந்து வந்தது. 1993-இல் நகராட்சி அனுமதியை வேறொரு அமைப்புக்கு மாற்றப் பார்த்தது. பெடரல் நீதிபதி கெவின் டஃபி விடவில்லை. 1995-இல் அந்தக் குழு, பெரிய ஊர்வலத்துக்கு முன்பாக ஐந்தாம் அவென்யூவில் தாங்களே தனியாக நடக்க அனுமதி கேட்டது. நகரம் மறுத்தது, பெடரல் நீதிமன்றமும் அந்த மறுப்பை ஏற்றது. அதே நாள், அதே தெரு, அதே கூட்டம். இவற்றை விட்டுவிட்டு வேறொரு நாளில் வேறொரு தெருவில் நடப்பதை மாற்று வழி என்று சொல்ல நீதிபதியால்தான் முடியும். பாஸ்டனிலேயே 2011-இல், இடம் மறுக்கப்பட்ட ‘அமைதிக்கான படைவீரர்கள்’ அமைப்பினர் தனி ஊர்வலம் நடத்தினார்கள். முதல் ஊர்வலத்துக்கு ஒரு மைல் பின்னால்.

ஹர்லி தீர்ப்பு பிறகு போன தூரத்தை அதை எழுதியவரே விரும்பவில்லை. ஒருபால் ஈர்ப்புள்ள சாரணத் தலைவரை நீக்கியது செல்லும் என்று 2000-இல் டேல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை ஆதாரமாக்கினார்கள். மாறுபட்ட நான்கு பேரில் சூட்டரும் ஒருவர். 2006-இல் சட்டக் கல்லூரிகள் ராணுவ ஆள்சேர்ப்பாளர்களைத் தடுக்க அதைக் கையில் எடுத்தன. வளாகத்தில் ஆளை அனுமதிப்பது பேச்சு ஆகாது என்று அந்த வாதம் தோற்றது. 2023-இல் 303 கிரியேட்டிவ் வழக்கில் திருமண வலைத்தள வடிவமைப்பாளருக்குக் கைகொடுத்தது. 2024-இல் நெட்சாய்ஸ் வழக்கில் நீதிபதி எலீனா கேகன், சமூக ஊடக நிறுவனங்கள் பதிவுகளை வடிகட்டுவதைப் பற்றிப் பேசும்போதும் இதே ஊர்வலத்துக்குத்தான் திரும்பினார். படைவீரர்களுக்குக் கிடைத்த கேடயம் இன்று உலகின் மிகப் பெரிய நிறுவனங்களின் கையில்.

பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் கதவைத் திறந்தது நீதிமன்றம் அல்ல. 2014-இல் பீர் நிறுவனங்களான கின்னஸும் ஹைனெக்கனும் நியூயார்க் ஊர்வலத்துக்கான ஆதரவை விலக்கிக்கொண்டன. சாமுவேல் ஆடம்ஸ் பீர் நிறுவனம் பாஸ்டன் ஊர்வலத்திலிருந்து விலகியது. அடுத்த ஆண்டே இரு நகரங்களிலும் பதாகைகள் தெருவுக்கு வந்தன. 2017-இல் பாஸ்டன் கூட்டமைப்பு ஒருபால் ஈர்ப்புள்ள முன்னாள் படைவீரர்களை மீண்டும் ஒதுக்க வாக்களித்தது. மேயரும் ஆளுநரும் வரமாட்டோம் என்றதும் சில நாட்களில் பின்வாங்கியது. ஹர்லியின் நிழலில் மிக நீண்ட காலம் தாக்குப்பிடித்தது நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் நடக்கும் தனி ஊர்வலம். அங்கே 2025 மார்ச்சில்தான், ஊர்வலக் குழுவின் தலைமை மாறிய பிறகு, அந்தப் பதாகைகளுக்கு இடம் கிடைத்தது.