பொன்மலையில் பாப்பா, திருவெறும்பூரில் எம்.எல்.ஏ.

காந்தி மார்க்கெட்டைத் தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் பஸ் போகும்போது, அரியமங்கலம் வந்துவிட்டதை முதலில் சொல்வது மூக்குதான். திருச்சி மாநகரின் குப்பையெல்லாம் பல வருஷங்களாக வந்து சேர்ந்த கிடங்கு அங்கே இருக்கிறது. கோடையில் அது பற்றிக்கொண்டால் வீடுகளில் ஜன்னல் திறக்க முடியாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மக்கள் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் திருவெறும்பூர். எறும்பீஸ்வரர் மலைக்கோயிலும், 1960களில் வந்த பெல் பாய்லர் ஆலையும், துப்பாக்கித் தொழிற்சாலையும் அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப். ஆலைச் சங்கு ஊதினால் சைக்கிள்கள் கிளம்பும் ஊர்கள். இங்கே தேர்தல் என்றால் தொழிற்சங்கத்தை விட்டுவிட்டுப் பேசவே முடியாது.

திருச்சி மக்களவைத் தொகுதி 1962 முதல் 1977 வரை தொடர்ந்து நான்கு முறை கம்யூனிஸ்டுகளை டெல்லிக்கு அனுப்பியது. முதல் இரண்டு முறை அனந்தன் நம்பியார். அடுத்த இரண்டு முறை எம். கல்யாணசுந்தரம். இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்புவார்களா, சந்தேகம்தான்!

ஆனால் திருவெறும்பூர் சட்டமன்றத் தொகுதியின் கதையில் மறக்கக் கூடாத வருஷம் 1989. அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்து நின்ற தேர்தல் அது. தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் நின்று ஜெயித்தவர் பாப்பா உமாநாத்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தனலட்சுமி. பொன்மலைத் தொழிலாளர்களுக்கு அவருடைய அம்மா சாப்பாடு போட்டு வந்தார். அங்கே ஓடியாடித் திரிந்த சிறுமியைத் தொழிலாளர்கள் 'பாப்பா' என்று கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத் திடலில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தபோது அவருக்குப் பதினைந்து வயது.

கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் தாயும் மகளும் சென்னைச் சிறையில் இருந்தார்கள். 1950ல் உண்ணாவிரதத்தின்போது தாய் இறந்துபோனார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் முகம் பார்க்க விடுகிறோம் என்றார்கள் அதிகாரிகள். மகள் எழுதிக் கொடுக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அந்த மகள்தான் சுமார் நாற்பது வருஷங்கள் கழித்து இந்த ஊர்க்காரர்களின் ஓட்டில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அந்த ஆட்சி இரண்டே வருஷத்தில் கலைக்கப்பட்டது. 1991ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் அடித்த அலையில், அந்தக் கூட்டணியே தமிழ்நாடு முழுக்க அடித்துச் செல்லப்பட்டது.

பிறகு தொகுதி மாறி மாறித் தீர்ப்புச் சொன்னது. 2006ல் தி.மு.க.வின் கே.என். சேகரன். 2011ல் தே.மு.தி.க.வின் செந்தில்குமார், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரான தேர்தல் அது. 2016ல் அன்பில் தர்மலிங்கத்தின் பேரன் மகேஷ் பொய்யாமொழி. 2021ல் மறுபடி அவரேதான். பள்ளிக்கல்வி அமைச்சரும் ஆனார். அப்போது அவரிடம் தோற்ற ப. குமார் சாதாரண ஆள் இல்லை, இதே திருச்சியில் 2009லும் 2014லும் எம்.பி.யாக ஜெயித்தவர். டெல்லிக்கு இரண்டு முறை அனுப்பியவரைக் கோட்டைக்கு அனுப்பத் திருவெறும்பூர் சம்மதிக்கவில்லை.

பாப்பா உமாநாத் 2010 டிசம்பரில் காலமானார். செப்டம்பர் 5 வந்தால் பொன்மலைச் சங்கத் திடலில் இப்போதும் செங்கொடி ஏற்றுகிறார்கள். அரியமங்கலம் கிடங்கில் பழைய குப்பையைச் சலித்துப் பிரித்து அகற்றும் வேலை தொடங்கிச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், மேடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.