வக்கீல் இல்லாமலும் வழக்காடலாம்!

கோர்ட்டுப் படி ஏறினால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்று நம் ஜனங்கள் சொல்வது சும்மா அல்ல. வக்கீல் பீஸ், குமாஸ்தா படி, வாய்தாவுக்கு வாய்தா இழந்த கூலி என்று கொடுத்து நொந்தவர்களின் அனுபவம் அது. ஆகவேதான், வாங்கிய மின்விசிறி மூன்றாம் நாளே நின்றாலும், பாலிசிப் பணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தாலும், தொழிலாளி "போனது போகட்டும்" என்று இருந்துவிடுகிறார். ஏழையின் இந்த மௌனம்தான் மோசடி வியாபாரியின் மூலதனம்!

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுதான் மாவட்ட நுகர்வோர் கமிஷன். 1986-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரே மனுக் கொடுத்து, அவரே வாதாடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. கம்பெனி பம்பாயில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, எழுதிய கடிதங்களின் நகல் ஆகியவையே உங்கள் சாட்சி. பில் கேட்டு வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்!

விவசாயிக்கும் இதில் பங்குண்டு. மோசமான விதையால் நஷ்டப்பட்ட ஆந்திர விவசாயிகள் வழக்குப் போட்டபோது, தேசிய விதைக் கார்ப்பரேஷன் "இவர்கள் நுகர்வோரே அல்ல" என்று வாதாடியது. 2012-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளி, விவசாயிகள் பக்கம் தீர்ப்பளித்தது.

இதனால் சுரண்டல் ஒழிந்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. கூலி பாக்கிக்கு இது இடமல்ல. அதற்குத் தொழிலாளர் துறையும் சங்கப் போராட்டமும் உண்டு. இங்கேயும் கம்பெனி வக்கீலோடுதான் வரும். 3 மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் நாற்காலி காலியாக இருந்தால் தீர்ப்பு எங்கிருந்து வரும்? கமிஷன்களில் பதவிகள் நிரப்பப்படாததை 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே தானாக வழக்காக எடுக்க நேர்ந்தது. சட்டத்தை ஏட்டில் எழுதிவிட்டு ஆளை நியமிக்காத சர்க்கார் யாருக்குச் சேவை செய்கிறது?

ஆகவே நம் வேலை இரண்டு. காலியிடங்களை உடனே நிரப்பு என்று சர்க்காரை நிர்ப்பந்திக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் வாரம் ஒரு மாலை மனு எழுத ஒதுக்க வேண்டும். எழுதத் தெரிந்த தோழர் எழுதட்டும். விசாரணை நாளில் இரண்டு பேர் கூடப் போகட்டும். ஒரே மோசடியில் பலர் சிக்கியிருந்தால், கமிஷனின் அனுமதி பெற்று எல்லோருக்காகவும் சேர்த்து வழக்குப் போடலாம்.

தனியாளாகப் போனால் கம்பெனி அலட்சியம் செய்யும். சங்கமாகப் போவோம், பதில் சொல்ல வைப்போம்!