கோயிலுக்கு உறுதி எங்கே?

ஒரு மலையில் கவ்வாத்து வெட்டு தொடங்குமுன் பூசை போடுவது நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பழைய வழக்கம். மலையோரத்தில் நட்ட கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும். அதன் காலடியில் கத்திகள். தேங்காய், பழம், சில இடங்களில் ஒரு சேவல். கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்ட பிறகே செடியில் கத்தி விழும். கொழுந்துக்குக் கொழுந்துச் சாமி, தொழிற்சாலைக்கு ரோதமுனி. இரும்புச் சக்கரத்துக்கும் ஒரு முனியைக் காவல் வைத்த சனம் இது. மூடநம்பிக்கை என்று தள்ளியவர்கள் உண்டு. நாட்டாரியல் என்று பதிவுசெய்து திருப்திப்பட்டவர்களும் உண்டு. எனக்கு இதில் தெரிவது காணி வழக்கு.

வழக்கத்தைச் சட்டமாக்குவது இலங்கைக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தாரின் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுத்தார்கள். கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம் இருக்கிறது, முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் இருக்கிறது. கண்டி மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் தோட்டத் தமிழருக்குக் கண்டியச் சட்டம் கிடையாது. தமிழராயிருந்தும் தேசவழமை கிடையாது. இருந்திருந்தால்தான் என்ன? முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைச் சுற்றி நிற்கும் வழமை அது. லயக் காம்பரா கூடச் சொந்தமில்லாதவருக்கு முதுசம் ஏது?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கைக்குப் போனது. இத்தனை கைமாற்றத்திலும் கொழுந்து பறித்தவர்கள் பெயரில் காணி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

எழுத்தில் இல்லாததைச் சடங்கு ஓரளவு பிடித்துவைத்தது. மாசியில் காமன் கம்பம் ஊன்றும் இடம், மாரியம்மன் தேர் போகும் பாதை, பீலிக்கரை, சுடுகாடு எல்லாம் காகிதத்தில் தோட்டக் காணி. சனங்களின் கணக்கில் பொது. திருவிழாவில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு மாலை போட்டு மரியாதை செய்வதுண்டு. மாலையை வாங்கிக்கொள்ளும் துரை அந்த இடம் கோயிலுடையது என்று ஒப்புக்கொள்கிறார். அடுத்த துரை அதை மறுத்தால் காட்டுவதற்குத்தான் காகிதம் இல்லை.

வழக்கமெல்லாம் நல்லது என்று சொல்லவரவில்லை. கங்காணி காலத்துப் பஞ்சாயத்தில் சாதி பார்த்துத்தான் பேச்சு எடுபடும். இன்றும் மலையில் கூடை சுமப்பது பெரும்பாலும் பெண்கள். கோயில் கமிட்டியில் உட்காருவது பெரும்பாலும் ஆண்கள். கோயிலுக்குக் கொடுக்கும் காசில் மட்டும் பேதமில்லை.

ஆனாலும் சாமியின் இடத்துக்காகப் பேசிய சனத்தைச் சட்டம் கேட்டதுண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்ற வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் கிராம சபைகளின் கருத்தைக் கேட்கச் சொன்னது. தங்கள் தெய்வம் நியம்ராஜாவின் மலை அது என்றார்கள் டோங்கிரியா கோந்த் மக்கள். 12 சபைகளும் மறுத்தன, சுரங்கம் வரவில்லை. சாமியின் பெயரால் பேசியதைச் சட்டம் கேட்டதற்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் துணை நின்றது. இங்கேயோ, தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கவே 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாயிருந்தது. அதைத் திருத்த 2018 ஆனது.

தோட்டத் தொழிலாளர் வீட்டுக்குக் காணி ஏழு பேர்ச்சா, பத்துப் பேர்ச்சா என்ற பேச்சில் பொதுவிடங்கள் விடுபட்டுப்போகின்றன. வீட்டுக்காணி அளக்க வரும் நில அளவையாளர் கோயிலையும் பீலிக்கரையையும் சுடுகாட்டையும் சேர்த்தே அளக்கட்டும். பெண்கள் பாதிக்குக் குறையாத தோட்டச் சபை ஒன்றின் பெயரில் அவற்றுக்கு உறுதி எழுதப்படட்டும். மலையகத்தின் வாக்கில் பாராளுமன்றம் போனவர்கள் இதையும் கேட்டு வாங்க வேண்டும்.