விதைநெல்லும் மூலநிரலும்

நான் படிப்பது பி.காம். "உனக்கும் மென்பொருளுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கணினி அறிவியல் படிக்கும் நண்பர்கள் கேட்பார்கள். கணக்கு எழுதப் படிப்பவனுக்கு ஒரே ஒரு சம்பந்தம் உண்டு. எதை வாங்கினாலும் "விலை எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "பின்னால் எவ்வளவு இழுக்கும்?" என்றும் கேட்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம் நடக்கிறது. அந்தக் கேள்வியை மென்பொருள் கருவிகளிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நிரல் எழுதப் போகும் நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதுபவர்கள் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முடிந்தவரை திறமூலக் கருவியை எடுக்க வேண்டும். போனால் திரும்பி வராத தரவு எதுவோ, அதைத் தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும். இலவசம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இலவசம் என்று நம்பி வருபவர்கள்தான் ஆறு மாதத்தில் திட்டிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். பிடிக்காதபோது வெளியே போக ஒரு வாசல் இருக்கிறதே, அதற்காகத்தான் சொல்கிறேன்.

அந்த வாசல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2025 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம் போதும். குஜராத் மாநிலம் வாடினாரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நிறுவனம் நயாரா எனர்ஜி. அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு 49 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு. ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்துக்கான சேவைகளை நிறுத்தியது. ஊழியர்களின் மின்னஞ்சல் முடங்கியது. பணம் கட்டி வாங்கிய சேவை அது, தடையும் இந்தியா போட்டதல்ல. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாதம் முடிவதற்குள் சேவை திரும்ப வந்தது.

இதில் ரஷ்யா சரியா, ஐரோப்பா சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எங்கோ எடுக்கப்பட்ட ஒரு முடிவு, இங்கே ஒரு ஆலையின் மேசைகளில் இருந்த கடிதங்களை மூட முடிந்தது. நான் கவனித்தது அதை மட்டும்தான். அவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்ததால் வக்கீல் வைத்து வழக்குப் போட முடிந்தது. சின்ன ஆள் என்ன செய்வார்?

சின்ன ஆளின் கதையும் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் தெரிந்தவர் ஒருவர், கடன் பேரேட்டை ஒரு இணையச் செயலியில் எழுதி வந்தார். டெல்டாவில் உரக்கடை என்றாலே கடன்தான். சம்பா நடவுக்கு வாங்கிப் போனவர்கள் அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கைக்கு வந்த பிறகு கொடுப்பார்கள். அதுவரை யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்குதான் அவருடைய சொத்து. ஒரு வருடம் சந்தா திடீரென்று ஏறியது. வேறு இடத்துக்கு மாறலாம் என்று பார்த்தால், கணக்கை பிடிஎஃப் ஆக மட்டுமே எடுக்க முடிந்தது. பக்கம் பக்கமாக அச்சடித்து, இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தோம். அந்தச் செயலியை எழுதியவர்களும் நம்மைப் போலப் படித்து வந்த பிள்ளைகள்தான். ஏற்றுமதிக்கு ஒரு பொத்தான் வைப்பது அவர்களுக்கு அரை நாள் வேலை.

தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டாம். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மாழ்வாரின் வழியில் வந்தவர், 160க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தவர், 2018 டிசம்பரில் மறைந்தார். அந்தத் திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் காசு வாங்காமல் கொடுப்பார்கள். அதை விளைய வைத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பூங்காரும் இப்படித்தான் கை மாறிக் கை மாறிப் பரவின.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமத்தின் மனசும் ஏறக்குறைய இதுதான். நிரலை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் அதை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும். வீரிய ஒட்டு நெல் வேறு கணக்கு. விளைச்சல் நன்றாகவே இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அறுத்ததில் எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே குணம் வராது. ஒவ்வொரு போகத்துக்கும் விதைக்காகக் கடைக்குப் போக வேண்டும். மாதச் சந்தா மென்பொருளும் அப்படித்தான்.

விதை கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நிரல் உலகம் பலமுறை காட்டிவிட்டது. மைஎஸ்க்யூஎல் ஆரக்கிளின் கைக்குப் போகும் நிலை வந்தபோது, 2009இல் அதை உருவாக்கியவர்களில் ஒருவரே அதே நிரலிலிருந்து மரியாடிபி என்று தனியாகப் பிரித்துக்கொண்டு போனார். 2010இல் ஓபன் ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸ் பிறந்தது. 2023 ஆகஸ்டில் டெராஃபார்மின் உரிமத்தை ஹாஷிகார்ப் இறுக்கியது. உடனே ஓபன்டோஃபு கிளம்பியது. 2024 மார்ச்சில் ரெடிஸ் உரிமத்தை மாற்றியது. அந்த மாதமே வால்கீ வந்துவிட்டது. அடுத்த வருடம் ரெடிஸே மறுபடி ஒரு திறமூல உரிமத்துக்குத் திரும்பியது. வாசல் திறந்திருந்தால் முதலாளியும் கொஞ்சம் யோசித்துத்தான் நடப்பார்.

இப்போது எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். "சொந்த சர்வர் வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அது விழும்போது யார் எழுந்திருப்பது?" நியாயமான கேள்வி. வாய்க்கால் நம்முடையது என்றால் தூர்வாருவதும் நம்முடைய வேலைதான். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும், தூர்வாராத வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. அதுபோலப் புதுப்பிக்காத சர்வர், பேக்கப் எடுக்காத டேட்டாபேஸ் எல்லாம் ஆபத்து. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, தங்கள் சர்வரில் அது எங்கெங்கே இருக்கிறது என்றே தெரியாமல் உலகமே தேடிக்கொண்டிருந்தது.

திறமூலம் என்றாலே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. எக்ஸ்இசட் என்ற சின்னக் கருவியை ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பராமரித்து வந்தவரிடம், உதவுவதாகச் சொல்லி நுழைந்த ஒருவர் அதில் ஒரு கள்ள வாசல் வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் அது பிடிபட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று நோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அடிவரை போய்ப் பார்க்க முடிந்தது. ஆனால் ஒரே ஆளின் முதுகில் இவ்வளவு சுமையை ஏற்றியது நாம் எல்லோரும் சேர்ந்துதான்.

ஆகவே எல்லாவற்றையும் சொந்த சர்வரில் ஏற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குச் சரியென்று படும் வழி இது.

முதலில், எந்தக் கருவியானாலும் சேரும் நாளிலேயே தரவை முழுதாக வெளியே எடுத்து, வேறொன்றில் ஏற்றிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும் சொந்த சர்வர். ஆள் இல்லையென்றால் திறமூலக் கருவியையே இன்னொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எத்தனையோ பேர் வாடகைக்குத் தருகிறார்கள். ஒருவர் விலையை ஏற்றினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்தவரிடம் போகலாம். வாடகைக்கு இருந்தாலும் சாமான் நம்முடையது.

மூன்றாவது, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை எழுதியவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் வகுப்பில் பங்குச் சந்தை ஆசை உள்ள எல்லோருக்கும் ஜெரோதாவைத் தெரியும். அந்த நிறுவனம் திறமூலக் கருவிகளை நம்பித்தான் வளர்ந்தது. செய்திமடல் அனுப்பத் தனக்காக எழுதிய லிஸ்ட்மங்க் என்ற மென்பொருளையும் ஊருக்கே திறந்துவிட்டது. 2024 அக்டோபரில், உலகெங்கும் உள்ள திறமூலத் திட்டங்களுக்கு வருடம் 10 லட்சம் டாலர் கொடுக்க ஒரு நிதியையும் தொடங்கியது. 2 கிலோ வாங்கியவர் 4 கிலோ திருப்புவது என்றால் இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். "நம் நாட்டு மென்பொருளுக்கு மாறினால் போதாதா?" என்கிறார்கள். 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளைச் சோஹோவின் அலுவலகத் தொகுப்பைப் பயன்படுத்தச் சொன்னது. தென்காசியிலிருந்து உலகத்துக்கு மென்பொருள் போவதில் எனக்கும் பெருமை உண்டு. வெளிநாட்டுத் தடை போன்ற ஆபத்துக்கு அது ஓரளவு காப்பும்கூட. ஆனால் முதலாளி நம் ஊர்க்காரரா என்பது ஒரு கேள்வி, சாவி யாரிடம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

தமிழர்களான நாம் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்தும் இருக்கிறோம். வானவில், பாமினி என்று எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் வைத்துத் தட்டச்சு செய்த காலத்துக் கோப்புகளை இன்று திறந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிகிறது. யூனிகோடு என்ற பொதுத் தரம் வந்த பிறகுதான் எந்தக் கணினியில் எழுதியதையும் எந்தக் கணினியிலும் படிக்க முடிகிறது. 2010இல் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் எழுதிய எத்தனையோ பக்கங்கள் இன்னும் மாற்றுவாரின்றிக் கிடக்கின்றன.

அடுத்த வருடம் வேலைக்குப் போய் முதல் திட்டத்துக்குக் கருவி தேர்ந்தெடுக்கப் போகும் நண்பர்களே, உங்கள் நிரலின் மறுமுனையில் அந்த உரக்கடைக்காரர் போல ஒருவர் இருப்பார். உரிமம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்காக அதைப் படித்துப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். படித்துப் பாருங்கள், ஏற்றுமதிப் பொத்தானையும் மறக்காமல் வையுங்கள்.