பர்சன்டேஜ் மட்டும் கேட்டால் போதுமா?

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஆரணியில் பட்டுக்கடை போர்டுகளை விடப் பள்ளிக்கூட பேனர்கள்தான் கண்ணில் அதிகம் படும். முதல் மார்க் வாங்கிய குழந்தைகளின் போட்டோ, பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’.

எதிர்வீட்டு மருமகள் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பெண்ணை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமாம். “அக்கா, எந்த ஸ்கூல்ல பர்சன்டேஜ் ஜாஸ்தின்னு சொல்லுங்க. வளையலை வெச்சாவது அங்க சேர்த்துடறேன்” என்றாள்.

அவள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2024 பிளஸ் டூ தேர்வில் தமிழ்நாடு முழுக்க 94.56 சதவீதம் பேர் தேறினார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் 90.47. மாநிலத்திலேயே கடைசி இடம்! பெண்கள் 96.44, பையன்கள் 92.37 என்பதில் மட்டும் நமக்குக் கொஞ்சம் பெருமை.

நான் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: “அந்த பர்சன்டேஜ் பரீட்சை எழுதினவங்களுக்குத்தான்டி. எழுதாமலே நின்னு போனதுங்க அதுல வராது.”

ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்து, பத்தாம் வகுப்புப் பரீட்சையை முப்பது பேர் எழுதி, முப்பது பேரும் தேறினாலும் நூற்றுக்கு நூறுதான். அந்தப் பத்துப் பேர் எங்கே? சுமாராகப் படிக்கிறவர்களை “வேறு பள்ளி பாருங்கள்” என்று அனுப்பிவிட்டால் பேனருக்கு நல்லது. அரசுப் பள்ளி அப்படி அனுப்ப முடியாது. அரிசி ஆலைக் கூலிக்காரர் பிள்ளை, பிழைப்புக்காகப் பெங்களூர் போய் நடு வருஷத்தில் திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை, அப்பா அம்மா இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில்தான். இரண்டு பள்ளிகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, பட்டையும் பாலியெஸ்டரையும் ஒரே தராசில் போடுவது மாதிரி.

அதற்காக, ‘நெசவாளி பிள்ளை, இவ்வளவுதான் வரும்’ என்று ஒரு ஆசிரியர் கைகழுவினால் நான் சும்மா விடமாட்டேன். அது வேறு விஷயம்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஏழாவது படிக்கும் என் பெண் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 31 வாங்கி வந்தாள். எனக்கு வந்த கோபத்தில் பள்ளிக்கே போய்விட்டேன். டீச்சரம்மா நிதானமாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வீட்ல தறி இருக்கா? கரைக்கு யார் உட்காருறாங்க?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது.

கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். நெய்கிறவர் ஒருவர் போதாது. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அது என் பெண். “அரை மணி நேரந்தானே” என்பார் அவள் அப்பா. ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்பது. அப்புறம் சாப்பாடு, தூக்கம். புத்தகம் பையிலேயே இருக்கும்.

இன்னொன்றும் புரிந்தது. தீபாவளிப் புடவைக்குத் தறி ஓயாமல் ஓடும் சமயத்தில்தான் காலாண்டு. தை முகூர்த்தத்துக்கு அவசரப்படும் மார்கழியில்தான் அரையாண்டு. பங்குனிக் கல்யாணம் வரும்போது முழு ஆண்டு. எங்களுக்குக் காசு வருகிற மாதமெல்லாம் குழந்தைக்குப் பரீட்சை மாதம்!

பதினாலு வயதுக்கு உட்பட்ட குழந்தை பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலுக்கு ஒத்தாசை செய்யலாம் என்று 2016-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. ஆனால் படிப்பு கெடக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அதை நான் சொன்னதும் மாமனார், “நாங்கல்லாம் சட்டம் படிச்சா நெய்தோம்?” என்று முணுமுணுத்தார். அத்தை மட்டும், “கொழந்தைய விடுங்க, தார் சுத்தறத நான் பாத்துக்கறேன்” என்றார்கள். அத்தை தாரை எடுத்துக்கொண்டதால் கரைக்கு நான் உட்கார்ந்தேன். அதனால் சமையல் பிந்தியது. ஒரு புடவை முடிய இரண்டு நாள் கூடவே ஆயிற்று. கூலியும் தள்ளிப் போயிற்று. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அரையாண்டில் கணக்கு மார்க் 46. பேனர் போடுகிற மார்க் இல்லைதான். ஆனால் பெண் பின்னக் கணக்கைப் பார்த்து அழுவதை நிறுத்திவிட்டாள்.

சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலையில் தறியில் இறங்குகிற வீடுகளில் குழந்தை காலைப் பட்டினியோடு போவது சகஜம். வெறும் வயிற்றில் வாய்ப்பாடு ஏறாது. 1982-ல் சத்துணவு வந்தபோது மத்தியானப் பசிக்கு வழி பிறந்தது. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை காலைச் சிற்றுண்டியும் உண்டு. கௌரவம் பார்க்காமல் நேரத்தோடு அனுப்புங்கள். பெரிய பெண்களுக்குப் பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கடாசிவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள். சோகை இருந்தால் பாடத்தில் கவனம் நிற்காது.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஆறாவதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது வரை இங்கேயே படித்தார்கள்? பின்தங்கின குழந்தைக்குத் தனியாக யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அவள் மூன்று பள்ளிகளுக்குப் போனாள். ஒரு இடத்தில் “பேனரைப் பார்த்தீங்க இல்ல?” என்றார்களாம். ஒரு இடத்தில், தலைமையாசிரியை ஊரில் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்களாம். மூன்றாவதில் ஒரு டீச்சர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நின்றுபோன ஒவ்வொரு குழந்தையும் எந்தத் தெரு, ஏன் நின்றது என்று சொன்னாராம். வளையல் கையிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்த வாரம் பாவு தீர்ந்து தறி சும்மா இருக்கிறது. சாயங்காலத்தில் பெண்ணும் நானும் பின்னக் கணக்கு போடுகிறோம். எனக்குத்தான் பாதி மறந்துவிட்டது. அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள்.