இழுப்பு நின்னா போதுமா? சர்க்கரை ஏறுதே!

பனி இறங்கிவிட்டால் இழுப்புக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரித் தூசி வேறு!

மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போகாமல் நேரே மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. "அண்ணே, போன தடவை கொடுத்தீங்களே, அதே மாத்திரை ஒரு செட் கொடுங்க!" சில கடைகளில் கேட்டதும் கிடைத்துவிடுகிறது. இழுப்பு அடங்குகிறது. ராத்திரி தூக்கம் வருகிறது. அடுத்த வாரமும் அதே செட்!

இப்படி வாங்கும் செட்டில் ஸ்டீராய்டு இருந்தால்தான் வம்பு. பிரட்னிசலோன், டெக்சாமெத்தசோன் என்பவை அந்த வகை. மருந்து கெட்டதல்ல. மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கி உயிரைக் காப்பாற்றும். ஆனால் ஈரலில் இருந்து ரத்தத்துக்குச் சர்க்கரையைக் கொட்ட வைக்கும். இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ஏறலாம். இருப்பவருக்கோ எகிறும்!

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. காலையில் மாத்திரை போட்டால் மத்தியானமும் சாயங்காலமும்தான் சர்க்கரை அதிகம் ஏறும். விடிகாலை வெறும் வயிற்றில் சோதித்தால் சரியாகவே காட்டலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. கொரோனாவில் செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் சாவை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு சொன்னது. அதே ஸ்டீராய்டை 2021-ல் அளவு தப்பியும் தேவையில்லாமலும் கொடுத்தபோது என்ன ஆச்சு? சர்க்கரை எகிறியது, கருப்புப் பூஞ்சை புகுந்தது. பல பேருக்குக் கண் போச்சு! அந்த மே மாதம் தமிழக அரசே அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

அதற்காகப் பயந்துபோய் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. வாரக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென நிறுத்தினால் உடம்பு தாங்காது, மயங்கி விழலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

'இன்ஹேலர் போட்டால் பழக்கமாகிவிடும்' என்ற பயமும் வீண். மாத்திரையின் அளவு மில்லி கிராம். இன்ஹேலர் மருந்தின் அளவு மைக்ரோ கிராம், அதாவது மில்லி கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு! நேரே நுரையீரலுக்குப் போவதால் சர்க்கரைத் தொல்லை மிகக் குறைவு. ஸ்டீராய்டு இன்ஹேலர் போட்டதும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

மருந்துக் கடைகள் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கொடுப்பதை நிறுத்த வேண்டும். அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும். எழுதிக் கொடுக்கும் டாக்டர்கள், "சர்க்கரை பார்த்துக்குங்க" என்று ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வரும்போது, இழுப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் விட்டு, மூச்சைக் காப்பாற்றிக் கண்ணைப் பறிகொடுக்கலாமா?