சாளரத்தில் யாருடைய மலை?

நம் பங்குகளில் புதிதாக எழும்பும் ஆலயங்களின் சாளரங்களைச் சில ஆண்டுகளாகவே கூர்ந்து நோக்கி வருகிறோம். பெரும்பாலானவற்றில் வண்ணக் கண்ணாடி போல அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. பனி மூடிய மலை, அதனடியில் நீலநிற ஏரி, கரையில் ஊசியிலை மரங்கள், மேலே ஒரு வெண்புறா. ஊராட்சிக்கோட்டை மலையைத் தினமும் கண்டு, மஞ்சள் வயலின் வரப்பில் நடந்து, கூடுதுறையில் இரு ஆறுகள் கலப்பதைப் பார்த்து வளர்ந்த நம் மக்கள் இந்த அயல் ஏரியின் முன் முழந்தாளிட்டுச் செபிக்கிறார்கள். இது யாருடைய மலை என்று எவரும் கேட்பதில்லை. ஆலயத்தை அழகுபடுத்தியாயிற்று என்று பங்குப் பேரவை மனநிறைவு கொள்கிறது. நாம் அந்த நிறைவைக் கலைக்கவே இதை எழுதுகிறோம்.

முதலில், இது வண்ணக் கண்ணாடியே அன்று. உண்மையான வண்ணக் கண்ணாடியில் நிறம் மேலே பூசப்படுவதில்லை. கண்ணாடி உருகி நிற்கும்போதே அதனுள் கலக்கிறது. கோபால்ட் நீலத்தையும், மாங்கனீசு ஊதாவையும், செம்பு சிவப்பையும் பச்சையையும் தரும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளிச் சேர்மத்தால் மஞ்சள் ஏற்றும் முறையும் வந்தது. பின்னர்த் துண்டு துண்டாக வெட்டி, ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள். நாம் காணும் அக்கருங்கோடுகள் ஓவியனின் விருப்பத்தால் வந்தவையல்ல. அவை இல்லாவிட்டால் சாளரமே சரிந்துவிடும். தாங்கும் எலும்பே அங்கே கோடாக நிற்கிறது. பாரிசு அருகே சேன் தெனி ஆலயத்தின் புதிய பீடப்பகுதியை 1144இல் மடாதிபதி சுழேர் எழுப்பியபோதும், பாரிசின் சேன் சப்பேல் சிற்றாலயம் 1248இல் அருள்பொழிவு பெற்றபோதும் கற்சுவர் விலகி ஒளி உள்ளே நுழைந்தது இந்த ஈயத்தின் துணையால்தான். நம் ஒட்டுத்தாளிலோ ஈயமும் மை, கண்ணாடியும் மை. கொங்கு நாட்டு வெயிலில் சில கோடைகள் கழிந்தால் சிவப்பு வெளிறி, புறா மஞ்சளாகி, ஓரம் சுருண்டு நிற்கும். அப்போது புதிய தாள் வாங்குவார்கள், மீண்டும் அதே ஏரி.

பழைய சாளரங்களில் நிலக்காட்சி அரிது. ஒரு மரம் தோட்டத்தைக் குறிக்கும், நெளிந்த இரு கோடுகள் கடலைக் குறிக்கும். புனிதர்களின் வரலாறே அங்கே முதன்மை. நிலத்தையே பொருளாகக் கொண்டு சாளரங்களைப் பெரிதும் செய்தவர் அமெரிக்கரான லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவருடைய பட்டறையில் மலையும் ஆறும் கண்ணாடியாயின. தூரத்து மலையின் மங்கலைக் காட்டக் கண்ணாடியின் பின் கண்ணாடி அடுக்கினார்கள். அழகுதான், ஆயினும் அவற்றில் பல செல்வர் குடும்பங்களின் நினைவுச் சின்னங்கள். துயரமில்லாத நிலம் அது.

நமக்கு நெருக்கமானவர் இன்னொருவர். ஜோர்ஜ் ருவோ, 1871இல் பாரிசில் பிறந்த கத்தோலிக்கர். 14 வயதில் வண்ணக் கண்ணாடிக்காரர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னாளில் துணியிலும் தாளிலும் அவர் தீட்டிய ஓவியங்களில் அந்த ஈயக்கோடு தடித்த கருங்கோடாகத் தொடர்ந்து வந்தது. அவருடைய நிலக்காட்சிகளில் புறநகர் வீடுகள், ஆலைப் புகைபோக்கிகள், நீண்ட சாலை, தாழ்ந்து நிற்கும் கதிரவன்; அச்சாலையில் ஏழைகளோடு நின்று பேசும் சிறிய உருவமாய்க் கிறிஸ்து. கண்ணாடி அங்கே இல்லை, ஆனால் கண்ணாடியின் இலக்கணம் இருக்கிறது. நாம் கற்க வேண்டியது அந்த இலக்கணத்தையே.

‘ஆலயத்தில் புனிதரின் உருவம் இருக்கலாம், மலையும் வாய்க்காலும் எதற்கு?’ என்று நம் குருக்களிலேயே சிலர் கேட்கிறார்கள். பனிமலையை ஒட்டியபோது இந்தக் கேள்வி எழவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறோம். அயல்நாட்டு மலை பக்தியைத் தூண்டும், நம்மூர் மலை கவனத்தைச் சிதறடிக்கும் என்பது எந்த இறையியல்? படைப்பு நல்லது என்று தொடக்கநூல் முதல் அதிகாரத்திலேயே சாற்றுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடோ, திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை என்றும், எல்லா மக்களின் கலைக்கும் ஆலயத்தில் இடமுண்டு என்றும், பகட்டான செலவைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்றும் தெளிவாகக் கூறுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் சாளரங்களுக்கு அச்செய்தி போய்ச் சேரவில்லை.

‘வண்ணக் கண்ணாடியே மேலைநாட்டுப் பொருள்தானே’ என்று மறுபக்கத்தார் மடக்குகிறார்கள். இதில் பாதி உண்மை. குறைந்த ஒளியைக் கொண்டாடப் பிறந்த கலை அது. இங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். திறக்க முடியாத கண்ணாடியால் நான்கு பக்கமும் அடைத்தால் சித்திரை மாதத் திருப்பலி அடுப்பங்கரையில் நடப்பதாகிவிடும். புதுவைத் திரு இருதய பசிலிக்காவின் சாளரங்களைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அவற்றை ஒவ்வொரு சிற்றூரிலும் நகலெடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் அதன் இலக்கணம் அயலாருடையது மட்டும் என்பதை ஏற்க மாட்டோம். கிறிஸ்து பிறப்புக்கு நாம் கட்டும் நட்சத்திர விளக்கு எது? மூங்கில் தப்பை ஈயக்கோடாக நிற்கிறது, வண்ணத்தாள் கண்ணாடியாகிறது, உள்ளே விளக்கு. குடிசையின் வாசலிலும் தொங்குகின்ற வண்ணச் சாளரம் அது. பவானி ஜமுக்காளத்தை எண்ணிப் பாருங்கள். நூல் முரடு, நுண்ணிய உருவங்களை அதில் நெய்ய இயலாது. எனவே குழித்தறி நெசவாளி பட்டை பட்டையாக நிறத்தை அடுக்கினார். பொருளின் இயலாமையே அழகுக்கு விதியாயிற்று, ஈயத்தைப் போலவே. 2005-06இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாற்காலிகள் வருமுன் நம் ஆலயங்களில் அதன் மீதமர்ந்துதான் மறையுரை கேட்டோம். காலடியில் கிடந்ததால் அதைக் கலையென்று நினைக்கவில்லை போலும்!

எனவே நாம் சொல்வது இதுதான். சாளரங்களைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள். ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் ஒதன்கூர் ஆலயத்துக்காக 1951இல் பெர்னாண்டு லெஷே வடிவமைத்தது போல, தடித்த கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டில் பதிக்கலாம். அதற்கும் வசதியில்லையேல் தடித்த கருங்கோடுகளோடு சுவரிலேயே தீட்டலாம். தறிக்காரரிடம் சொல்லி நெய்தும் தொங்கவிடலாம். ஐந்தாறு நிறங்களுக்கு மேல் வேண்டாம். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் ‘இயற்கைக் காட்சி வரைக’ என்றால் இரண்டு முக்கோண மலைகளும் இடையில் பாதிச் சூரியனும் வருகின்றன. பிள்ளைகளைக் குறை சொல்லோம். நாம் காட்டியது அவ்வளவுதான். அவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, முதலில் கோட்டை மட்டும் போடச் சொல்லுங்கள். மலையின் விளிம்பு, ஆறுகள் சேரும் முனை, காலிங்கராயன் அணை, வரப்பு. நிறம் பிறகு வரட்டும்.

இங்கேதான் கடினமான பகுதி தொடங்குகிறது. காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. பவானியிலிருந்து ஈரோட்டைக் கடந்து கொடுமுடிப் பக்கம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடுகிறது. வளைவுகளே அதன் அழகு. வண்ணக் கண்ணாடிக்கென்றே இறைவன் இட்ட கோடு எனலாம். ஆனால் சாயக்கழிவும் தோல் ஆலைக் கழிவும் அந்த நீரைக் கெடுத்த கதையை உழவர் எவரும் மறந்திலர். தெற்கே நொய்யலிலும் இதே துயரம்தான். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாயிற்று. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளையே மூட ஆணையிட நேர்ந்தது. கண்ணாடியில் நிறம் உள்ளே தங்கிவிடும், கழுவினாலும் போகாது. நம் நாட்டில் நிறம் துணியைவிட்டு ஓடி ஆற்றில் சேர்கிறது. அந்தச் சாயத்தால் பிழைக்கும் குடும்பங்களும், அதனால் கிணறு கெட்ட குடும்பங்களும் ஒரே திருப்பலியில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

அப்படியானால் ஆலயச் சுவரில் வாய்க்காலை எந்த நிறத்தில் இடுவது? நீலமாக இட்டால் பனிமலை ஏரியைப் போல் அதுவும் ஒரு பொய். கருஞ்சிவப்பாக இட்டால் ‘பூசை வைக்கும் இடத்தில் இதை ஏன் காட்டுகிறீர்’ என்று பேரவையில் குரல் எழும். நன்கொடை தருபவர் எழுந்து போகவும் கூடும். பாடுபட்ட சொரூபத்தின் விலாக்காயத்தைச் சிவப்பாகத் தீட்ட எவரிடமும் நாம் அனுமதி கேட்டதில்லை. வாய்க்காலையும் அவ்வாறே தீட்டலாம் என்பது நம் கருத்து. ஆயினும் நிறத்தைக் குருவானவர் தனியே முடிவு செய்ய வேண்டாம். பேரவைக் கூட்டத்துக்குச் சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரையும், கடைமடை உழவர் ஒருவரையும், ஒரு நெசவாளியையும் அழைத்து உட்கார வைத்து, கோடு மட்டும் வரைந்த தாளை அவர்கள் முன் விரியுங்கள்.